டாக்டர் எழுதாத அரை மாத்திரை

மார்ச் 5, செவ்வாய்

ஆஸ்பத்திரியிலிருந்து ஆராய்ச்சிக்காரப் பெண் வந்தாள். மறதி வியாதிக்காரர்கள் இருக்கிற அறுபது வீட்டுக்குப் போய், அவர்கள் என்னென்ன மருந்து சாப்பிடுகிறார்கள், கொடுக்கிறவர்கள் அதை எப்படிக் கொடுக்கிறார்கள் என்று பார்த்து எழுதுகிறாளாம். எங்கள் வீடு இருபத்து மூன்றாவது. மகாராணியின் மருந்தையெல்லாம் ஒரு பையில் போட்டு வைக்கச் சொல்லியிருந்தாள். வைத்திருந்தேன்.

மகாராணி என்றால் என் நாத்தனார். கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டவள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தாள். ரிட்டயர் ஆனதும் அண்ணன் வீடுதானே என்று பெட்டியோடு வந்து இறங்கினாள். அண்ணன் போய்ச் சேர்ந்தார். அவளும் பெட்டியும் என் தலையில். மகாராணி என்ற பட்டம் நான் மனசுக்குள் வைத்தது. அவள் எனக்கு வைத்த பட்டம் "அஞ்சாங்கிளாஸ்". அதை அவள் மனசுக்குள் வைத்துக்கொள்ளவில்லை, ஊருக்கே கேட்கக் கூப்பிட்டாள்.

வந்த பெண் பாரத்தில் என் வயது எழுபத்து நாலு, படிப்பு ஐந்து என்று எழுதினாள். எழுதினதும் அவள் குரலே மாறிவிட்டது. "அம்மா... இந்த... வெள்ளை மாத்திரை... காலைலயா... சாயந்திரமா?" என்று நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். எனக்கு என்ன காதா கேட்கவில்லை?

"எழுதிக்கோ" என்றேன். "பிரஷர் மாத்திரை ஆரம்பிச்சது பதினோரு வருஷம் முன்னாடி, பிப்ரவரி ஒன்பது, சனிக்கிழமை. முதல்ல பாதி. மே மாசம் முழுசு. மறதி மாத்திரை மூணரை வருஷமா. அக்டோபர் அஞ்சு, திங்கக்கிழமை. ஆரம்பிச்ச மூணாம் நாள் வயித்தால போச்சு. டாக்டர் லீவு, அவருக்குப் பதிலா கண்ணாடி போட்ட அம்மா பார்த்தாங்க."

பதினாலு மருந்து. ஒவ்வொன்றுக்கும் தேதி, கிழமை, எந்த டாக்டர், சாப்பிட்டபின் என்ன ஆச்சு. அவள் பேனா என் வாயைத் துரத்திக்கொண்டு ஓடியது. ஓடட்டும்.

கடைசியில், "இதைத் தவிர வேற மருந்து ஏதாவது குடுக்கறீங்களாம்மா?" என்றாள்.

"வேற எதுவும் கிடையாது."

மார்ச் 12, செவ்வாய்

அந்தப் பெண் போன் பண்ணினாள். ஆஸ்பத்திரி பைலோடு ஒத்துப் பார்த்தாளாம். "பதினாலும் சரிம்மா. ரெண்டு தேதி மட்டும் ஒத்துவரல. திரும்பப் பார்த்தேன், பைல்லதான் தப்பு."

இன்றைக்கு நிறுத்திப் பேசவில்லை. மூச்சு விடாமல் பேசினாள். ஆனாலும் அன்றைக்குப் பேசினது பேசினதுதான். நான் மறக்கிற ஜாதி இல்லை.

மார்ச் 13, புதன்

சுவர் ஓரமாகப் பூனை நிற்கிறது, பசிக்கிறது அதற்கு என்று மகாராணி ஒரே பிடிவாதம். இல்லாத பூனைக்குக் கிண்ணத்தில் பால் வைத்தேன். அப்புறம் நானே குடித்தேன்.

மார்ச் 26, செவ்வாய்

ஆராய்ச்சிக்காரி மறுபடி வந்தாள். ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினாள். வருஷா வருஷம் மகாராணிக்கு ஆஸ்பத்திரியில் கேள்வி கேட்டு மார்க் போடுகிறார்களே, முப்பதுக்கு இத்தனை என்று, அந்த மார்க்கெல்லாம் சேர்ந்த கோடு. சரிவான தெரு மாதிரி மெதுவாக இறங்கிக்கொண்டே வருகிறது. போன வருஷம் ஆகஸ்டுக்கு அப்புறம் திடீரென்று மாடிப்படி மாதிரி கீழே விழுகிறது. இப்போது பதினொன்று.

"இந்த இடத்துல என்னமோ நடந்திருக்கும்மா. காய்ச்சல் இல்ல, கீழ விழல, புது மருந்து இல்ல. பூனை தெரியறது, வாய் காயறது, மூத்திரம் போகக் கஷ்டப்படறது, எல்லாமே இதுக்கு அப்புறம்தான். எல்லாம் ஞாபகம் வெச்சிருக்கற ஆள் நீங்க. யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்கிறேன் என்றேன்.

மார்ச் 28, வியாழன்

மாதச் செக்கப். மறதி மாத்திரையை டாக்டர் இரண்டு மடங்காக ஆக்கிவிட்டார். கோடு விழுந்துவிட்டதே, அதனால்.

மார்ச் 31, ஞாயிறு

மகாராணியோடு எனக்கு ஒரு பழைய வழக்கு உண்டு. கல்யாணமான புதிதில் என் அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதி மேஜைமேல் வைத்திருந்தேன். வீடு நிறைய விருந்தாளி. இவள் எடுத்து உரக்கப் படித்தாள். பிழை வந்த இடத்திலெல்லாம் நிறுத்தி, எழுத்து எழுத்தாகச் சொல்லிச் சிரித்தாள். ஜூன் பதினொன்று. ஒன்பது பேர் இருந்தார்கள். ஒன்பது பேர் முகமும் எனக்குத் தெரியும்.

ஒரு நாள் இதைக் கேட்டே தீருவேன் என்று நாற்பத்தேழு வருஷம் காத்திருந்தேன். இப்போது கேட்டால் "எந்தக் கடிதம்?" என்பாள். என்னை "டீச்சர்" என்று கூப்பிடுகிறாள் சில நாள். சண்டை போடுவதற்கு எதிரே ஆள் இருக்க வேண்டாமா? என்ன அநியாயம் இது.

ஏப்ரல் 2, செவ்வாய்

தெரிந்துவிட்டது.

காலையில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன். ஆகஸ்ட், ஆகஸ்ட் என்று மனசு ஓடிக்கொண்டே இருந்தது. ஆகஸ்ட் இருபத்தொன்று, திங்கட்கிழமை. லிப்ட் கெட்டுப்போன நாள். சாயங்காலம் மகாராணி கதவைத் திறந்துகொண்டு மூன்று மாடி இறங்கி, தெருமுனையில் நைட்டியோடு நின்றாள். செருப்பில்லை. லாரி போகிற தெரு. கீழ்வீட்டுக்காரர் கூட்டி வந்தார். அன்றைக்குச் சாப்பாட்டுக்கு அப்புறம் என் பிஸ்கட் டப்பாவைத் திறந்து, என் அரிப்பு மாத்திரையை, மிளகு அளவு மஞ்சள் மாத்திரை, கத்தியால் இரண்டாக வெட்டி, பாதி எனக்கு, பாதி அவளுக்கு. நான் அதைப் போட்டால் நன்றாகத் தூங்குவேன். அவளும் தூங்கினாள். அன்றிலிருந்து தினமும்.

மருந்தா? மருந்து என்றால் டாக்டர் எழுதினது. இது என்னோடது. பையில் போடவே தோன்றவில்லை.

மருந்துக்கடைக்குப் போனேன். யாரோ ஒருத்தருக்கு என்கிற மாதிரி கேட்டேன். "மறதி இருக்கறவங்களுக்கு இதைக் குடுக்கலாமா?"

"ஐயோ, வேண்டாம்மா. வாய் காயும், மூத்திரம் கட்டும், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். இருக்கற கொஞ்சநஞ்ச புத்தியும் குழம்பிடும். யாருக்கும்மா?"

"பக்கத்து வீட்டுக்கு" என்றேன்.

ஏழு மாசம் பன்னிரண்டு நாள். நானே... என் கையால... அரை அரையா வெட்டி, தண்ணி குடுத்து, முதுகைத் தடவி... கடவுளே.

இன்றைக்குக் கொடுக்கவில்லை.

ஏப்ரல் 5, வெள்ளி

மூன்று நாளாகத் தூக்கமில்லை, அவளுக்கும் எனக்கும். சொல்லவில்லை இன்னும். யாரிடம் சொல்வது?

ஏப்ரல் 16, செவ்வாய்

பூனை போய்விட்டது. இரண்டு நாளாகவே காணோம்.

ஜன்னலோரம் உட்கார்ந்தவள் திடீரென்று நம்பர் சொல்ல ஆரம்பித்தாள். தீயணைப்பு, ரயில்வே விசாரணை, கலெக்டர் வீடு, பெரிய பள்ளிக்கூடம். பழைய நாலு இலக்க நம்பர்கள். அத்தனையும் சரியா தப்பா, யார் கண்டது? ஆனால் சொல்லும்போது முகத்தில் அந்தப் பழைய திமிர். "அண்ணி, லைன் கிடைக்கலன்னா என்கிட்ட சொல்லு" என்றாள்.

அண்ணி என்றாள். டீச்சர் இல்லை.

குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன்.

ஒரு கஷ்டம். காலையில் சாப்பிட்டது தங்கவில்லை. வாந்தி. மாத்திரையை இரட்டிப்பாக்கின பிறகுதான் இது.

ஏப்ரல் 23, செவ்வாய்

ஆராய்ச்சிக்காரி வந்து கேள்வி கேட்டாள். முப்பதுக்குப் பதினாறு! அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மகாராணியைக் கட்டிக்கொண்டாள். மகாராணிக்குக் கட்டிக்கொள்வதெல்லாம் பிடிக்காது. "யாருடி இவ, மேல மேல விழறா?" என்றாள்.

"டோஸ் கூட்டினது வேலை செஞ்சிருக்கும்மா! இந்த அளவுக்கு ஏறி நான் பார்த்ததில்ல. உங்க வீட்டுக் கதையை மட்டும் தனியா ஒரு கட்டுரையா எழுதி, டாக்டருங்க படிக்கற பத்திரிகைக்கு அனுப்பப் போறேன். நீங்க சொன்ன தேதியெல்லாம் வெச்சு."

"வாந்தி எடுக்கறாளே" என்றேன்.

"டாக்டர்கிட்டக் கேட்டேன். இவ்வளவு பலன் இருக்கும்போது கொஞ்சம் பொறுத்துக்கலாம்னு சொல்றார்."

வாயைத் திறந்தேன். டீ போடட்டுமா என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன். எழுபத்து நாலு வயசில் இப்படி ஒரு கோழை.

ஏப்ரல் 25, வியாழன்

பெரியவனிடம் சொன்னேன். என் மகன் அலுவலகத்தில் நாற்பது பேருக்கு அதிகாரி. முகம் வெளுத்துவிட்டது.

"அம்மா, இதை வெளிய சொல்லாதே. பேப்பர்ல போடறேங்கறா அந்தப் பொண்ணு. நாளைக்குக் கேஸ் கீஸ்னு வந்தா? அத்தை நல்லாத்தானே இருக்கா இப்ப? நிறுத்திட்டே இல்ல? விடு."

நிறுத்திவிட்டேன்தான். ஆனால் அந்த டாக்டர் இரட்டிப்பாக்கினதை நிறுத்தவில்லையே.

ஏப்ரல் 28, ஞாயிறு

மகாராணியின் ரவிக்கை தோளில் நிற்கவில்லை. நழுவுகிறது. ஊக்கு குத்திவிட்டேன். "இளைச்சிட்டேனா? அழகா இருக்கேனா?" என்று கேட்டாள்.

நான் செய்த தப்பை மறைக்கிறதற்கு இவள் வாந்தி எடுக்கிறாள். இதோடு போகுமா? அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு எத்தனை டாக்டர் எத்தனை வீட்டில் இரட்டிப்பாக்குவார்கள்? என் தேதியெல்லாம் அதில் இருக்கும். என் தேதி ஒரு நாளும் பொய் சொன்னதில்லை.

ஊரார் தப்பையெல்லாம் கிழமையோடு வைத்திருக்கிறேன். என் தப்புக்கு மட்டும் மறதியா?

ஏப்ரல் 30, செவ்வாய்

போனேன். மருமகள் கூட வந்தாள். நான் கேட்கவில்லை. செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். "உங்க பிள்ளைக்கு நான் பதில் சொல்லிக்கறேன் அத்தை, வாங்க" என்றாள். இவள் மேல் எனக்கு ஆறு வருத்தம் உண்டு. அஞ்சு என்று வைத்துக்கொள்கிறேன்.

ஆராய்ச்சிக்காரியின் அறை ஆஸ்பத்திரி இரண்டாவது மாடியில். ஜன்னல் இல்லை. நாற்காலி மேலேயும் பைல். எடுத்துக் கீழே வைத்து உட்காரச் சொன்னாள்.

"நடுவுல பேசாதே, சொல்லி முடிச்சிடறேன்" என்றேன். லிப்ட், லாரி, டப்பா, கத்தி, அரை மாத்திரை. ஆகஸ்ட் இருபத்தொன்றிலிருந்து ஏப்ரல் ஒன்று வரைக்கும். ஒரு நாள் தவறவில்லை என்றும் சொன்னேன். மாத்திரை அட்டையை மேஜைமேல் வைத்தேன்.

அவள் அட்டையைத் திருப்பிப் பின்பக்கம் படித்தாள். அப்படியே கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஏம்மா அன்னைக்கே சொல்லல?"

"நீ மருந்தைப் பத்திக் கேட்டே. இது மருந்துன்னு எனக்கு உறைக்கவே இல்ல. என்னுது, வீட்ல கிடக்கறது. போர்வையில பாதி குடுக்கற மாதிரிக் குடுத்தேன்."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "நான்தான் அவளைக் கெடுத்தேனா? சொல்லு. பொய் சொல்லாம சொல்லு."

அவள் எழுந்து வந்து என் நாற்காலி பக்கத்தில், பைல் மேலேயே உட்கார்ந்தாள். "வியாதி முன்னாடியே இருந்ததும்மா. அது உங்களால வந்ததில்ல, போறதும் உங்க கையில இல்ல. இந்த மாத்திரை அது மேல இன்னொரு மூட்டத்தைப் போட்டுச்சு. அது இப்ப விலகுது. கீழ இருக்கறது இருக்கும். மெதுவா இறங்கத்தான் செய்யும்."

பொய் சொல்லவில்லை. இன்றைக்கு இவளை மன்னித்தேன்.

அங்கேயே டாக்டரைக் கூப்பிட்டாள். நாளையிலிருந்து மறதி மாத்திரை பழையபடி ஒன்று.

மே 3, வெள்ளி

வாந்தி இல்லை. இரண்டு ரொட்டி சாப்பிட்டாள்.

மே 9, வியாழன்

மகாராணியிடம் சொன்னேன். தெளிவாக இருந்த நேரம் பார்த்து, டி.வி.யை அணைத்துவிட்டு.

"ஏழு மாசம் என் மாத்திரையில பாதியை உனக்குக் குடுத்தேன். அதான் உனக்குப் பூனை தெரிஞ்சது. தப்பு என்னுது."

என்னை நேராகப் பார்த்தாள். எக்ஸ்சேஞ்சில் மேலதிகாரியாக இருந்தவள் பார்வை.

"நான் தூங்கணும்னு குடுத்தியா, நீ தூங்கணும்னு குடுத்தியா?"

இந்தக் கேள்வியை டாக்டர் கேட்கவில்லை, ஆராய்ச்சிக்காரி கேட்கவில்லை. நானே என்னைக் கேட்கவில்லை.

"ரெண்டும்தான்" என்றேன்.

"சரி விடு, அஞ்சாங்கிளாஸ். டி.வி.யைப் போடு."

அந்தப் பட்டத்தைக் கேட்டு இப்படி ஒரு நிம்மதி வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன். கடிதம் விஷயம் அப்படியே நிற்கிறது. அது தனி.

ஜூன் 4, செவ்வாய்

ஆராய்ச்சிக்காரி வந்தாள். கட்டுரையைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதுகிறாளாம். அரை மாத்திரையைப் பற்றி எழுதச் சம்மதமா என்று ஒரு பாரம் நீட்டினாள். பெயர் வராது, வீடு வராது.

பெரியவன் பாரத்தை மூன்று தடவை படித்தான். "உனக்கு எதுக்கும்மா இது?" என்றான்.

"எழுது" என்று அவளிடம் சொன்னேன். "ஆனா ஆகஸ்ட் இருபத்தொண்ணுன்னு சரியா எழுது."

கையெழுத்துப் போட்டேன்.

அவள் அறுபது வீட்டிலும் அதே கேள்விதான் கேட்டாளாம், வேற மருந்து ஏதாவது உண்டா என்று. ஐம்பத்தெட்டு வீட்டில் இல்லை என்றார்களாம். "எல்லார்கிட்டயும் மறுபடி கேக்கணும்மா. எப்படிக் கேக்கறதுன்னுதான் தெரியல. பயந்துடுவாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பயப்படற மாதிரி ஏன் கேக்கறே? நாங்க என்ன திருடியா குடுத்தோம்? 'அவங்க தூங்கலன்னா நீங்க என்ன பண்ணுவீங்க? உங்க டப்பாவுலேருந்து எதைக் குடுப்பீங்க?'ன்னு கேளு. அப்படிக் கேட்டிருந்தா நான் அன்னைக்கே பெருமையா எடுத்துக் காட்டியிருப்பேன்."

அவள் பேனாவைத் திறந்து அதை நான் சொன்ன மாதிரியே எழுதிக்கொண்டாள். ஒரு சொல் மாற்றவில்லை.

ஆகஸ்ட் 21, புதன்

லிப்ட் நன்றாக ஓடுகிறது. கதவில் உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போட்டாகிவிட்டது. மகாராணி என்னோடு சண்டை போட்டாள், தன் சீப்பை நான் எடுத்துவிட்டேனாம். அரை மணி நேரம். குரல் நாலு வீட்டுக்குக் கேட்டது. நன்றாக இருந்தது.

அக்டோபர் 15, செவ்வாய்

போனில் ஆராய்ச்சிக்காரி. என் கேள்வியைக் கேட்டதில் அறுபதில் பத்தொன்பது வீட்டில் டப்பா திறந்ததாம். இருமல் மருந்து, அரிப்பு மாத்திரை, செத்துப்போன கணவரின் தூக்க மாத்திரை. "எல்லாரும் பாசத்துலதான் குடுத்திருக்காங்கம்மா" என்றாள்.

பத்தொன்பது. நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

புது வருஷத்து டைரியும் அதே கம்பெனி. இந்தத் தடவை அட்டை மட்டமாக இருக்கிறது.

கட்டுரை அச்சில் வந்துவிட்டது. ஆராய்ச்சிக்காரி எடுத்து வந்தாள். ஆங்கிலம். எங்கள் சமையலறை மேஜையில் வைத்து, வரி வரியாக நம் பேச்சில் சொன்னாள். மகாராணியும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். குளிர்காலத்திலிருந்து அவள் மறுபடி இறங்கிக்கொண்டுதான் இருக்கிறாள். மெதுவாக. சரிவான தெரு மாதிரி.

"பராமரிப்பவர் எழுபத்து நாலு வயதுப் பெண். மருந்துகளின் தேதி பற்றிய அவருடைய நினைவு, ஆஸ்பத்திரிப் பதிவைவிடத் துல்லியமாக இருந்தது. தவறைக் கண்டுபிடித்ததும் அவரே, தெரிவித்ததும் அவரே." இப்படி இருக்கிறதாம். படிப்பு ஐந்து என்று எங்கேயும் போடவில்லை. போட்டாயா என்று இரண்டு தடவை கேட்டேன்.

அப்புறம் லிப்ட் கெட்ட நாள், அரை மாத்திரை, பூனை. மகாராணி கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள்.

"பாவம் அந்தம்மா" என்றாள். "இப்ப எப்படி இருக்காங்க?"

ஆராய்ச்சிக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா இருக்காங்க" என்று நான் சொன்னேன். "நல்லா சாப்பிடறாங்க. பார்த்துக்க ஆள் இருக்கு."

"அந்தப் பொண்ணை யாரும் திட்டலையே? மாத்திரை குடுத்தாளே, அவளை?"

"இல்ல. திட்டல."

"ம்" என்று தலையாட்டினாள். "தெரியாம செஞ்சிருப்பா."

ஜூன் 10, செவ்வாய்

இன்றைக்கெல்லாம் நான் டீச்சர். பரவாயில்லை. டீச்சர் கொடுத்தால் மாத்திரையை மறுபேச்சில்லாமல் விழுங்குகிறாள்.

செப்டம்பர் 9, செவ்வாய்

செக்கப். கூட்டம். மகாராணியின் கை என் கைக்குள். வழியெல்லாம் விடவில்லை.

எங்களுக்கு எதிர்வரிசையில் ஒரு பெரியவர், பக்கத்தில் அவர் மனைவி. அந்த அம்மா கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். புதிதாக வந்திருக்கிற நர்ஸ், சின்னப் பெண், பாரத்தோடு அவர்களிடம் வந்தாள். பெயர், வயது, என்னென்ன மருந்து. பெரியவர் சலித்துக்கொண்டே பதில் சொன்னார். அவள் தாளைத் திருப்பினாள்.

"ஐயா, அவங்க தூங்கலன்னா நீங்க என்ன பண்ணுவீங்க? உங்க டப்பாவுலேருந்து எதைக் குடுப்பீங்க?"

பெரியவர் முகம் மலர்ந்துவிட்டது. நிமிர்ந்து உட்கார்ந்தார். சட்டைப் பைக்குள் கைவிட்டு ஒரு அட்டையை எடுத்து நீட்டினார். "இதான்! என்னோடது. நான் பாதி, இவ பாதி. குழந்தை மாதிரித் தூங்குவா. எந்த டாக்டரும் சொல்லித் தரல, நானே கண்டுபிடிச்சது."

நர்ஸ் அட்டையை வாங்கிப் பார்த்தாள். "இருங்க ஐயா, டாக்டரைக் கூட்டிட்டு வரேன்" என்று வேகமாக உள்ளே போனாள். அவர் அவள் போன கதவைப் பார்த்தார். தன் காலிக் கையைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக முகத்தை விட்டு இறங்கியது.

மகாராணியை எழுப்பி நடத்திக் கூட்டிக்கொண்டு எதிர்வரிசைக்குப் போனேன். அவளை அந்த அம்மா பக்கத்தில் உட்கார வைத்தேன். நான் அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.